காப்பு அவிழும் வழி

ஆற்று மணல் கொட்டகை
8-10-1953

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ராமர் எழுதுவது. நானும் மாமாவும் சுகம். உன் மாமியாரும் நம் அம்மாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்களே, வெற்றிலைக்குச் சண்டை போடாமல் இருக்கிறார்களா?

நேற்று எங்கள் கையில் காப்புக் கட்டியாயிற்று. எட்டு ஊர் மேளக்காரர்களும் வறண்ட ஆற்றுக்குள்ளேயே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறோம். அம்மனை மணலில் இறக்கி வைத்து, எட்டு நாளும் சத்தம் அறாமல் வாசித்து மழை கேட்க வேண்டும். சனம் வண்டி கட்டி வந்து பக்கத்திலேயே அடுப்பு மூட்டிக் கிடக்கிறது.

முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது அக்கா. மூன்று வருசமாகக் காணாத மழை. சனம் நனைந்துகொண்டே ஆடுகிறது. மாமா எடுத்த நாயனத்தைக் கீழே வைப்பதில்லை. என் தவில்தான் ஈரத்தில் தொய்ந்து போகிறது; நெருப்பில் காட்டிக் காட்டி அடிக்கிறேன். சோறு தாராளம். வெஞ்சனம்தான் வேளைக்கு வேளை பூசணிக்காய். குடிக்க முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் ஊற்று.

ஆத்தூரிலிருந்து அம்மனுக்குத் தினமும் பூ ஏற்றி வரும் சோலைமுத்து அண்ணன் வண்டியில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. மாமாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் தம்பி
ராமர்

ஆத்தூர்
9-10-1953, காலை

தம்பி ராமருக்கு அக்கா பொன்னழகு எழுதுவது. கிழவிகள் இருவரும் நலம். வெற்றிலைச் சண்டை நேற்றும் நடந்தது. "எம்மகன் தலை தொவட்டுறானான்னு கேட்டு எழுதுடி" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உயிரை வாங்குகிறாள்.

நீ எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோசம் வரவில்லை அப்பு. மேற்கு மலை மூன்று நாளாகக் கண்ணுக்கே தெரியவில்லை. அப்படி இருட்டிக் கிடக்கிறது. நேற்று இங்கே ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. மணல் குடித்துவிட்டது. எத்தனை நாளைக்குக் குடிக்கும்? இங்கே ஓடுவதுதானே அங்கே வரவேண்டும்?

உன் மாமாவிடம் நான் சொன்னால், பொம்பளை பயம் என்பார். நீ சொல். சாமிக்கு வாசித்துவிட்டு, படுக்கவாவது கரைக்கு ஏறிவிடுங்கள். எனக்கென்று இருப்பது நீங்கள் இரண்டு ஆம்பிளைகள். இரண்டு பேரும் ஒரே மணலில் படுத்திருக்கிறீர்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொன்னழகு

ஆற்று மணல்
9-10-1953, மத்தியானம்

அக்காவுக்கு ராமர். உன் கடிதத்தை மாமாவிடம் வாசித்தேன். "மழை வேணும்னு கொட்டுனது நாம. வந்ததும் எந்திரிச்சு ஓடுனா அம்மன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்கிறார்.

கோயில் பெரியவர் கருப்பணனிடமும் கேட்டுப் பார்த்தேன். கரையில் இரண்டு புளிய மரத்துக்கு நடுவே கயிறு கட்டியிருக்கிறார்கள். காப்புக் கட்டிய கை பதினாலாம் தேதி வரைக்கும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எட்டு ஊரிலும் நம் குடும்பத்துக்கு இனி மேளம் கிடையாது. வீட்டில் சாவு விழுந்து தீட்டு வந்தால் மட்டும் காப்பை அறுத்து அனுப்பிவிடுவார்களாம். ஒரு கிழவியை மேலே அனுப்பு, நாங்கள் வந்துவிடுகிறோம்!

சிரிக்கத்தான் எழுதினேன், கோபித்துக்கொள்ளாதே. இன்றைக்கு விரல் ஆழத்திலேயே ஊற்று வந்துவிட்டது. கொட்டகைக் கால்களில் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. மாமாவிடம் காட்டினேன். மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்றார்.

ராமர்

ஆத்தூர்
10-10-1953

ராமருக்கு. என் மாமியார் சுந்தரம்மாள் நேற்றுச் சாயங்காலம் காலமாகிவிட்டார். கொள்ளி வைக்க மகன் வரவேண்டும். உன் மாமாவை உடனே புறப்பட்டு வரச் சொல்லவும்.

பொன்னழகு

ஆற்று மணல்
10-10-1953, மத்தியானம்

அக்கா,

சோலைமுத்து அண்ணன் மாடு வைக்கோல் தின்னும் நேரத்தில் இதை எழுதுகிறேன். ஓரத்தில் சாவுக் கரி தடவிய உன் காகிதத்தைப் பார்த்ததுமே மாமா நாயனத்தை நழுவவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறார். கருப்பணன் காப்பை அறுத்துவிட்டார். இதே வண்டியில்தான் மாமா வருகிறார்.

சோலைமுத்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு விடியக்காலம் பூ ஏத்தும்போது சுந்தரம்மா கிழவி வாசல்ல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்துச்சேப்பா" என்றார். வாயை மூடச் சொல்லிவிட்டேன். மாமாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ செய்தது சரிதான்.

ஒன்றே ஒன்று அக்கா. மாமாவின் அம்மா செத்தால் எனக்கு ஏது தீட்டு? என் கையில் காப்பு அப்படியேதான் இருக்கிறது. நம் அம்மா என்று எழுதியிருந்தால் மகனுக்கும் தீட்டு, மருமகனுக்கும் தீட்டு. இரண்டு பேருமே வந்திருப்போம். குறையாகச் சொல்லவில்லை. நம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை எழுத எனக்கும் கை வந்திருக்காது.

இன்றைக்குத் தோண்டவே வேண்டாம், கால் வைத்த குழியில் தண்ணீர் நிற்கிறது. மாமாவின் பாய் மேடான பக்கம் இருக்கிறது. இனி அதில் படுத்துக்கொள்கிறேன். பதினாலாம் தேதி வந்துவிடுவேன். அம்மாவிடம் தலை துவட்டுகிறேன் என்று சொல்.

ராமர்

ஆத்தூர்
11-10-1953, காலை

ஏலே ராமர்,

உன் மாமா வந்து சேர்ந்தார். தன் அம்மா எதிரே நிற்பதைப் பார்த்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "ஒந்தம்பிய அங்க யாரு பாத்துக்குவா?" என்று மட்டும் கேட்டார்.

நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. முதலில் அம்மா பேரைத்தான் எழுதினேன். அவள் எனக்குச் சோறு போட்டுக் கொண்டு வந்தாள். அதை அடித்துவிட்டு, மாமியார் பேரை எழுதினேன். உன் கணக்கு எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். என் கை என்னை ஏமாற்றிவிட்டது அப்பு.

விடியலில் ஆற்றைப் பார்த்தேன். செந்தண்ணீர் கரைக்குக் கரை போகிறது. வேரோடு தாழம் புதர் மிதந்து போகிறது. சோலைமுத்து அண்ணன் மாட்டைப் பூட்டிவிட்டு, "எழுதித் தா தாயி, கொண்டு போறேன். ஆனா இந்தத் தண்ணி என் வண்டிக்கு முந்தி அங்க போயிரும்" என்கிறார். உன் மாமாவும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

விளக்குக் கரியைத் தொட்டு ஓரத்தில் தடவிக்கொண்டிருக்கிறேன். "கையெல்லாம் என்னடி கரி?" என்று அம்மா கேட்கிறாள். கீழே இருப்பதை மட்டும் கிழித்துக் கருப்பணனிடம் காட்டு. அவர் காப்பை அறுக்கும் வரை நிற்காதே, ஓடு.

ராமருக்கு. நம் தாயார் மூக்காயி இன்று காலை இறந்துவிட்டாள். உடனே புறப்பட்டு வரவும்.

பொன்னழகு