மஞ்சள் விளக்கை நீயே அணை

எர்மெக்,

வண்டியை விற்காதே! பத்து மணிக்கு அதை வாங்க வரும் சாபிர் அண்ணனுக்குத் தேநீரும் போர்சோக்கும் கொடுத்து அனுப்பிவிடு. எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள் வெள்ளைத் துணிக்கு அடியில் சூடாக இருக்கிறது.

"இந்த வண்டியில கருவியைச் செருகுற ஓட்டையே இல்ல, மஞ்சள் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, எஞ்சின் போச்சு, வித்துத் தொலைக்கலாம்!" என்று நேற்று கத்தினாயே? நீ பார்த்த வீடியோவில் இருந்தது ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வண்டி, அதனால் இடப்பக்கமே தேடினாய். நம்முடையது ஜப்பான் வண்டி. ஸ்டீயரிங் வலப்பக்கம், ஓட்டையும் அதற்குக் கீழேதான்!

காலையில், வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் அந்தக் கட்டைவிரல் அளவுக் கருவியை அதில் செருகி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினேன். என் பழைய போனில் புளூடூத்தைப் போட்டதும் கருவியின் பெயர் வந்தது. 1234 என்று அடித்தேன், சேர்ந்துகொண்டது! செயலியைத் திறந்தால் வண்டியே பேசுகிறது, எர்மெக்! எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் மூடி சரியாக மூடவில்லையாம், அவ்வளவுதான்.

மூடியை இறுக்கிவிட்டேன். பிழையை மட்டும் வேண்டுமென்றே அழிக்காமல் வைத்திருக்கிறேன். சாவியும் போனும் மேசையில். நீயே போய் 'அழி' என்பதை அழுத்து. அந்த மஞ்சள் விளக்கு அணைவதை நீ பார்க்க வேண்டும்!

ஐகானிஷ்

பி.கு.: "எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்" என்று நேற்று சொன்னேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போட்டுவிட்டு மூடியை மூடியது நான்தான்.