குடிக்காத குழாய்த் தண்ணீர்

மாசி, செவ்வாய்
கோயில் முன்னால் இருந்தவர்கள்: ஊர்த்தலைவர் தேசப்பன் (என் கொழுந்தன்), என் மகன் ஏழுமலை, எதிர்வீட்டுத் தாயாரம்மா, நான், குழாய்க் கணக்கெடுக்க வந்த பெண். கடல்காற்று. காயப்போட்ட புடவையெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல்.

வீட்டுக்கு வீடு போட்ட குழாயில் எத்தனை வீடு குடிக்கிறது என்று கேட்டாள். வெளியாள் கேட்டால் தலைவர்தான் பதில் சொல்வார். பெண்கள் பின்னால் நிற்க வேண்டும்.

"எல்லா வூட்லயும் குழாத் தண்ணிதாம்மா. ஒரு கொறையும் கெடயாது."

குடிக்கிறானாம். அதில் வடித்தால் சோறு மஞ்சள், வாயில் வைத்தால் உப்பு. கால் கழுவத்தான் அது. குடிக்க லாரித் தண்ணீர். எல்லோருக்கும் குழாய் என்று எழுதினால் லாரியை நிறுத்திவிடுவார்கள். அவனுக்கென்ன, கேன் வாங்குவான்.

பின்னாலிருந்தே சொன்னேன், "பொய்."

"அண்ணி, சபைல இன்னா பேச்சு இது? ஊர் மானம்னு ஒண்ணு கீது."

"அந்த மானத்த மொண்டு குடி."

தாயாரம்மா சிரித்துவிட்டாள். ஏழுமலை என் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

புதன்
வாங்க வேண்டியது: பூண்டு, முட்டிக்குத் தைலம்.

அந்தப் பெண்ணை பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். "வாசப்படில வந்து கேளும்மா. அது சபை இல்ல." வந்தாள். எங்கள் தெரு முழுக்கக் கேட்டாள். "மாடே மூஞ்சியத் திருப்பிக்குது, நாங்க எங்க குடிக்கிறது" என்றாள் தாயாரம்மா. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். முட்டிவலி தெரியவில்லை.

வியாழன்
அவளைக் கூட்டிவந்ததற்கு எங்கள் வீட்டுக்கு ஊர்க்கட்டு. யாரும் பேசக்கூடாது, ஏழுமலை படகு இறக்கக்கூடாது.

தாயாரம்மா எங்கள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "செவுரே, கெழவிக்கு நெத்திலிக் கொழம்பு வச்சிக்கிறேன். வந்து எத்துக்கச் சொல்லு."

வெள்ளி
காற்றே இல்லை. லாரி வந்தது. வரிசையில் முதல் குடம் என்னுடையது. ஒருத்தியும் தள்ளவில்லை.

சாயங்காலம் ஊர்க்கட்டை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று தாயாரம்மா சொன்னாள். ஏழுமலை தலைவர் காலில் விழுந்தானாம். அதோடு விட்டிருந்தால் சரி. அந்தப் பெண்ணையும் வரவழைத்து, "அம்மாக்கு வயசாயிட்ச்சு, நெனப்பு தப்பிப்போச்சு, அதான் தெருவுக்கே சொல்லிக் குடுத்துகினு கீது" என்றானாம். அவளும் எங்கள் தெரு சொன்னதை அடித்துவிட்டு, தலைவர் சொன்னதையே எழுதிப் போய்விட்டாள்.

எனக்கு நினைப்பு தப்பிவிட்டதாம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஏழுமலை புயலில் தப்பிக் கரை ஏறிய அன்று கட்டியிருந்த லுங்கிகூட நினைவிருக்கிறது, பச்சைக் கட்டம்.

நாளை தெருப் பெண்களோடு திருவொற்றியூர் குடிநீர் ஆபீசுக்கு ரயில். அதிகாரி எழுந்து வந்து கேட்கும்வரை வாசலை விட்டு நகரப்போவதில்லை.

தேசப்பனுக்குத் திமிர், பிறவியிலேயே. அந்தப் பெண் சம்பளக்காரி. இருவரையும் ஒரு நாள் மன்னித்துவிடுவேன். ஏழுமலையை மாட்டேன்.