அம்மா இன்னும் குளிக்கவில்லை

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள ஜெயராம் அண்ணாவுக்கு,

அனன்யாவின் நமஸ்காரம். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தைப் பார்த்ததும் நீ பயந்துவிடக் கூடாது என்று இதை முதலில் எழுதுகிறேன்.

மயிலாப்பூரிலிருந்து அசோக் நகருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிக்கலாம். இதை உன்னிடம் கொண்டுவரும் ஆட்டோக்காரர் கபாலியும் அதையேதான் கேட்டார். "இன்னாம்மா, போன்ல பேசறத வுட்டுட்டு லெட்டர் எழுதிக்கினு கீற?" வாசலில்தான் காத்திருக்கிறார். போனில் சொன்னால் நீ "பரவால்லடி, விடு" என்பாய். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. ராத்திரி டொரன்டோவுக்கு விமானம் ஏறிவிடுவாய்.

அப்பாவின் சிராத்தத்தை நீயே வந்து செய்தது இதுதான் முதல் தடவை. கொரோனாவில் அவர் போனபோது விமானங்களே பறக்கவில்லை. அதன்பிறகு விசா, வேலை என்று தள்ளிப்போய், சித்தப்பாதான் செய்துவந்தார். அதை யாரும் உன்மேல் குற்றமாக வைக்கவில்லை. வைத்திருக்கிறோம் என்று நீ நினைக்கிறாய். செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததும் அதனால்தான் என்று முடிவு கட்டிவிட்டாய்.

முந்தின நாளே நீ வந்திருக்க வேண்டியது. விமானம் தாமதமானதால் சிராத்தத்தன்று காலையில் வந்து நின்றாய். அம்மா குளித்து, மடிப்புடவை கட்டி, அடுப்படியில் இருந்தாள். சிராத்தச் சமையல் முடிந்து, சாஸ்திரிகள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அவள் யாரையும் தொடக் கூடாது. உனக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை வருஷம் கழித்து வருகிறவனுக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்? பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாய். அவள் கரண்டியோடு பின்வாங்கி, "தொடாதேடா, மடி!" என்று கத்தினாள். உன் கைகள் இறங்கியதை நான் பார்த்தேன்.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. நீ குளிக்கப் போனதும் அம்மா கூட்டில் உப்புப் போட்டாள். குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் உப்புப் போட்டாள். ருசி பார்க்கக் கூடாத சமையல் ஆயிற்றே, கண்டுபிடிக்கவும் வழியில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சாஸ்திரிகள் பேசாமல் சாப்பிட வேண்டியவர். பாவம், கையைக் காட்டிக் காட்டித் தயிர் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து அம்மா கூடத்துக்கு வந்தபோது நீ தள்ளி நின்று நமஸ்காரம் செய்தாய். அசோக் நகரில் நண்பன் வீட்டில் ஏசி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். அடுத்த வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி, "சிராத்தம் பண்ணினவன் அன்னிக்கு வேற ஆத்துல தங்குவானோ?" என்று கேட்டாள். அம்மா கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினாள்.

அண்ணா, இந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. அப்பாவைத் துணியில் சுற்றித்தான் காட்டினார்கள். எனக்கும் தொற்று இருந்ததால் அம்மா ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலும் அழுதோம். நடுவில் கதவு. பிறகு கதவைத் திறந்தபோது, அழுவதற்கான நேரம் கடந்துவிட்டது போல இரண்டு பேரும் காபி குடித்தோம்.

மடியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அம்மா அப்பாவுக்குச் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான். ஆனால் நேற்று சாயந்திரம் கோயில் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா நம்மைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்பாள் மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்கிறாள். ஆற்றில் வெள்ளம் வருகிறது. லிங்கம் கரைந்துவிடுமே என்று அப்படியே தழுவிக்கொள்கிறாள். பூஜை பாதியில் நின்றுபோனது குறையா, இல்லை அதுதான் பூஜையா? ஸ்வாமி குழைந்து கொடுத்தார் என்றுதானே சொல்கிறோம்? வீட்டுக்கு வந்து அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, "அம்பாளுக்கு வெள்ளம் வரது தெரிஞ்சுது. நேக்குத் தெரியலையேடி" என்றாள்.

இன்று காலை எழுந்து பார்த்தால் அம்மா நேற்றைய புடவையிலேயே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கு ஏற்றவில்லை. வாசலில் கோலம் இல்லை. குளிக்காமல் அடுப்பைத் தொடமாட்டாள் என்பதால் காபியும் இல்லை. நான் போடுகிறேன் என்றதற்கு, அவன் வரட்டும் என்றாள். கோலத்தைக் காணாமல் ஜெயலக்ஷ்மி மாமி எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். "நன்னாத்தான் இருக்கேன். எம் பிள்ளை வரான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். நீ வருவதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மாமி போனதும் என்னைக் கூப்பிட்டாள். "நான் குளிக்கறதுக்கு முன்னாடி அவனை வரச் சொல்லு. குளிச்சுட்டேன்னா மறுபடியும் எதையாவது சொல்லித் தொலைச்சுடுவேன்."

அம்மா விடியற்காலையில் குளிக்காத ஒரு நாளை, ஜுரத்தில்கூட, நான் பார்த்ததில்லை. இப்போது வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கபாலியின் ஆட்டோவிலேயே ஏறி வந்துவிடு. கதவு திறந்தே இருக்கும். உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் நமஸ்காரம் பண்ணிவிடாதே. நீ குனிந்தால் அவள் கை உன் தலைக்குத்தான் வரும்; ஆசீர்வாதம் செய்துவிட்டு நின்றுவிடுவாள். நிமிர்ந்து நில், அண்ணா. மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு அடுத்ததாக நான் நிற்கிறேன்.

உன் தங்கை,
அனன்யா