கிருமிக்கு என்ன இனிஷியல்?

கானாடுகாத்தான்
3.8.1968

சிரஞ்சீவி முத்தப்பனுக்கு, குன்றக்குடி முருகனே மயிலை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி சித்தப்பச்சி உரக்கச் செய்த ஆசீர்வாதம்.

பிள்ளையில்லாத நான் உன்னைத் தத்தெடுத்துப் பிள்ளை கூட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு மூன்று மாதமாயிற்று. பதிலாக வந்தது நீ கல்லூரியில் நடத்தும் கிருமிப் பாடம். சட்டை போட்ட கிருமி எலியைக் கொல்லும், சட்டையில்லாதது கொல்லாது, சட்டைக்காரனை வேகவைத்துக் கொன்று, உயிரோடிருக்கும் சட்டையில்லாதவனோடு கலந்து ஊசி போட்டால் எலி செத்துப்போகுமாம்! படித்ததும் நம் வீட்டு எழுபத்திரண்டு தூணும் என்னைச் சுற்றி ஓடின. செத்தவன் எழுந்து வந்தானா?

அது கிடக்கட்டும். தையில் நாள் பார்க்கவா? சரியென்றால், உன்னைப் பெற்ற அப்பச்சி, என் அண்ணன் பூமிநாதனின் ‘பூ’ போய், என் ‘நா’ உன் இனிஷியலாகும்.

ஈரேழு லோகத்துக்கும் ஒரே சித்தப்பச்சி,
பெரி. நாகநாதன்


மதுரை
19.8.1968

அன்புள்ள சித்தப்பச்சிக்கு, வணக்கம்.

நீங்க குழம்பின மாதிரியேதான் என் பி.எஸ்சி. பிள்ளைகளும். நாற்பதில் முப்பத்தொரு பேர் பரீட்சையில் செத்த கிருமியைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். செத்தது செத்ததுதான். உயிருள்ளது, அதனிடமிருந்து சட்டை தைக்கிற குறிப்பை எடுத்துக்கொண்டது. பிறகு அதன் வம்சமே சட்டையோடு பிறக்கும்.

ஆத்தாவிடம் கேட்டேன். “அவுக கேக்குறதுல தப்பில்லப்பா, நீ பாத்துக்க” என்றுவிட்டு, அப்பச்சி படத்தைத் துடைக்கப் போய்விட்டார்கள். காலையில்தான் துடைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பூ. முத்தப்பன்


கானாடுகாத்தான்
25.8.1968

அடேய் மகாபண்டிதா!

இதற்காகவா முப்பத்தொரு பிள்ளைகளைப் பெயிலாக்கினாய்? இது பிள்ளை கூட்டுவதேதான்! வளர்ந்த ஆள் இன்னொரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டு இனிஷியலை வாங்கிக்கொள்கிறான், அந்த வம்சம் தழைக்கிறது. வகுப்பில் இப்படிச் சொல்லிப் பார்.

ஒரு சந்தேகம். கொடுப்பவன் செத்தால்தான் அது வாங்குமா? தந்தி அடி, உடனே ஏற்பாடு செய்கிறேன். உன் சின்னாத்தா, “நல்ல காரியத்தத் தள்ளிப் போடாதீக” என்கிறாள்.

கிருமி சாஸ்திரச் சக்கரவர்த்தி,
பெரி. நாகநாதன்


மதுரை
14.9.1968

அன்புள்ள சித்தப்பச்சிக்கு,

நீங்க சொன்னபடியே நடத்தினேன். எல்லாருக்கும் புரிந்தது. கடைசி பெஞ்சு மாலிக் மட்டும் எழுந்து, “சார், அப்ப அந்தக் கிருமி இப்ப யாரு பிள்ளை?” என்றான்.

சட்டை மட்டும்தான் வாங்கினது, மற்றதெல்லாம் பெத்த வழியில் வந்ததுதான் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

தையில் நாள் பாருங்க. ஆனால் ‘பூ’வை விடமாட்டேன்.

பூ. நா. முத்தப்பன்


கானாடுகாத்தான்
20.9.1968

முத்தப்பனுக்கு,

‘பூ. நா.’ என்று போட்டால் ஊரில் எப்படிப் படிப்பார்கள் தெரியுமா? பூமிநாதன் மகன் நாகநாதன், நாகநாதன் மகன் நீ! என் அண்ணனை எனக்கே அப்பச்சியாக்கிவிட்டாயே, படுபாவி!

உன் கடிதத்தைக் கிழித்துப்போடப் போனேன். உன் சின்னாத்தா பிடுங்கிப் படித்தாள். “ஏழு வயசுலருந்து ஒங்கள வளத்தது ஒங்க அண்ணந்தான? இதுல என்ன தப்பக் கண்டீக?” என்றாள். கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

தை பன்னிரண்டு குறித்தாயிற்று. உன் ஆத்தா வந்து முன்னால் நிற்க வேண்டும். அழைப்புப் பத்திரிகையில் உன் பெயரை நீ போட்டபடியே அடிக்கச் சொல்லிவிட்டேன்.

கீழே சித்தப்பச்சி என்று போடவா, அப்பச்சி என்று போடவா? அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாகநாதன்