கலேவெல சீனிச்சம்பல் குழுவும் நானும்

2024 ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று கலேவெல. வெங்காய அறுவடை தொடங்கிவிட்டது. ரோட்டோரம் முழுக்கச் சிவப்பு மூட்டைகள். றம்லா தாத்தா வீட்டுப் பின்புறக் கொட்டகையில் குழுவின் ஐந்து பெண்களும் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போனதுமே எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. மூத்த பெண்களை அந்த ஊரில் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் சிரிப்பு வந்தது, இப்போது எனக்கும் அதுதான் வருகிறது.

எங்கள் நிறுவனம் கிராமங்களில் இருபது சிறுதொழில்களுக்காவது கைகொடுத்திருக்கும். அதில் எனக்குப் பிடித்தது, வெங்காயத்தைச் சீனியும் மிளகாயும் போட்டு வதக்கிப் போத்தலில் அடைக்கும் இந்தச் சீனிச்சம்பல் குழு. சட்டி, போத்தல், லேபிள், மாத்தளையில் வாங்கும் கடைகள், எல்லாம் நான் ஓடி ஓடி ஏற்பாடு செய்தவை. இன்றும் ருசி பார்த்து, சீனி கொஞ்சம் கூட என்று சொன்னேன். குறைத்தார்கள்.

தம்புள்ளையில் றினோஸ் என்று ஒருவர் ஹோட்டல்களுக்குச் சாமான் கொடுக்கிறாராம், அவரிடம் கேட்டால் என்ன என்று றம்லா தாத்தா கேட்டார். அந்த மாதிரி ஆட்கள் கடனுக்கு வாங்கி இழுத்தடிப்பார்கள், நமக்கு நம் கடைகளே போதும் என்றேன். தலையாட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம். நல்ல நாள்.

ஆகஸ்ட் 14

சேலையை இரண்டு முறை அலசியும் வெங்காய வாசம் போகவில்லை. என் வீட்டுக்காரர் சிவலிங்கம் சோறு கேட்டு வந்தவர், "இன்னைக்கு என்ன, சம்பலா?" என்கிறார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எங்கள் மேலதிகாரி மாணிக்கவாசகம் சேர் கூப்பிட்டுப் பேசினார். மேலே தேயிலைத் தோட்டத்தில் சில பெண்கள் உதவி கேட்டிருக்கிறார்கள். அங்கே போக எனக்கு நேரம் வேண்டுமென்றால், பழைய குழு ஒன்றைக் கைவிட வேண்டும். கைவிடுவது என்று அவர் சொல்லவில்லை. "வழியனுப்பி வைக்கிறது" என்றார். கலேவெலயைச் சொன்னார்.

அவர்கள் இன்னும் தயாரில்லை என்றேன். வெளியாட்களோடு பேசி வியாபாரம் முடிக்கத் தெரியாது, ஒரு பிரச்சினை வந்தால் கலங்கிவிடுவார்கள் என்று காரணம் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க, விஜிதா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் மனசு ஆறாது.

கொட்டகை மூலையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எந்தக் கடைக்கு என்று கேட்டேன். குழுவின் இளையவள் அபீபாதான், பாவம், மறைக்கத் தெரியாத பிள்ளை, "றினோஸ் நானாவுக்கு" என்று அண்ணன் முறையில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள். றம்லா தாத்தாவும் அபீபாவும் பஸ் ஏறித் தம்புள்ளைக்கே போய் ஆளைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். கடனுக்குத் தர ஏலாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். அவரும் ஒப்புக்கொண்டாராம். றம்லா தாத்தா எதையும் மறைக்காமல், அமைதியாகத்தான் சொன்னார். நல்லது, சந்தோஷம் என்றேன். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

ஏன் எங்கிட்ட சொல்லல? நாலு வருஷம்! மழையிலயும் வெயில்லயும் அந்த ரோட்டுல நடந்தவ நான். ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் வேணாம்னு சொன்னதாலயா? அப்போ நான் சொல்றதெல்லாம் வெறும் தலையாட்டுறதுக்குத்தானா?

பஸ் நாலந்தா ஊரைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, வெங்காயமா என்று சிங்களத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 30

சிவலிங்கத்திடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு, "அவங்க சொந்தக் கால்ல நிக்கணும்னுதானே ஒன்ன அனுப்புனாங்க. நின்னுட்டாங்க. இப்ப எதுக்கு அழுவுற?" என்றார்.  கடையிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கி வர அவர் மறந்ததைப் பற்றிச் சண்டை போட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்றும் கலேவெலவுக்குப் போகவில்லை. நிறுவனக் கந்தோரில் வேலை இருப்பதாகச் சொன்னேன். வேலை ஒன்றுமில்லை. அவர்களிடமிருந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. என் தங்கச்சி கூப்பிட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

போனேன். போனது நல்லதாயிற்று.

போன வாரம் ஒரு முழு நாள் செய்த சம்பல் கெட்டுப்போயிருக்கிறது. மழை பெய்ததில் கழுவிய போத்தல்கள் சரியாகக் காயவில்லை. ஈரத்தோடு நிரப்பியிருக்கிறார்கள். பெட்டிகள் தம்புள்ளைக்குப் போன பிறகு, கொட்டகையில் மிச்சமிருந்த ஒரு போத்தலில் நுரை கட்டுவதை அபீபா பார்த்திருக்கிறாள். றம்லா தாத்தா உடனே றினோஸுக்குப் போன் எடுத்து, ஹோட்டல்களுக்கு ஒன்றையும் கொடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சத்தம் போட்டிருக்கிறார். இருந்தும் அனுப்பிவிட்டார். கொல்லையில் குழி வெட்டி அவ்வளவையும் கொட்டி மூடினார்களாம். பிறகு போத்தல்களை அவித்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, மறுபடி முதலிலிருந்து. றினோஸ் அடுத்த வாரத்துக்கு இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். சம்பல் கெட்டது என்று கேட்ட அந்த நொடியில் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். பார்த்தீர்களா என்பது போல. முழுதும் கேட்டு முடித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே, தாத்தா" என்றேன். கோபமாகக் கேட்கவில்லை.

றம்லா தாத்தா கரண்டியைக் கீழே வைத்தார். "எடுக்கத்தான் பாத்தேன், மிஸ். எடுத்தா நீங்க அடுத்த பஸ்ஸுலயே வந்துருவீங்க. றினோஸோட நீங்களே பேசிருவீங்க. எல்லாம் சரியாப் போயிரும். அடுத்த தடவயும் நாங்க ஒங்களத்தான் தேடணும்."

 சட்டியில் எண்ணெய் சத்தம் போட்டது.

"கோவமா மிஸ்?" அபீபா.

"இல்ல. நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"கத்தி அங்க ஈக்குது" என்றாள்.

பின்னேரம் வரை வெங்காயம் அரிந்தேன். ருசி பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊர்க் கதை, தேர்தல் கதை, அபீபாவுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை கதை. நாலு வருஷத்தில் இவ்வளவு சிரித்ததில்லை.

அக்டோபர் 4

சேரிடம் போய், கலேவெலயை வழியனுப்பி வைக்கலாம் என்றேன். தயாராகிவிட்டார்களா என்று கேட்டார். அவர்கள் எப்பவோ தயார், இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்றேன்.  தோட்டத்துக்கு எந்த பஸ் என்று எழுதிக் கொடுத்தார்.

அக்டோபர் 10, வியாழன்

பேச வேண்டியதையெல்லாம் வழியில் யோசித்துவைத்திருந்தேன். பாதிகூடப் பேசவில்லை. நிறுவனத்தின் வேலை இங்கே முடிந்தது, இனி இது முழுக்க உங்களுடையது, லேபிளில் எங்கள் பெயரும் வேண்டாம் என்றேன்.  அபீபா அழுதாள். றம்லா தாத்தா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப இனி வரமாட்டீங்களா?"

"வேலைக்கு வரமாட்டேன், தாத்தா."

"அப்ப சும்மா வாங்க. வேலைக்கு வந்த நாள்ல ஒரு நாளாச்சும் ஆறுதலா இருந்து சாப்பிட்டீங்களா?"

இல்லைதான். இன்று சாப்பிட்டேன். நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் அவர்களுக்கு. நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று எனக்கென்று கத்தரிக்காய்ப் பிரட்டலும் பருப்பும் தனியாக வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை போட்டதையும் மிச்சம் வைக்கவில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

தூறல். குறுக்குப்பாதையில் தோட்டத்துக்கு ஏறினேன். இரண்டு இடத்தில் வழுக்கியது. உதவி கேட்டவர்களில் ஒருத்தியான சந்திரகாந்தா தோசை மா அரைத்துப் பாக்கெட்டில் போடத் தொடங்கியிருக்கிறாள். மா நன்றாகப் பொங்கியிருந்தது. டவுனில் எந்தக் கடைக்குக் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்க மிஸ் என்றாள்.

உடனே இரண்டு கடை ஞாபகம் வந்தது. வாய்வரை வந்துவிட்டது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.

அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்வரை பேசவில்லை. நானும் பேசவில்லை. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்.

"ஆஸ்பத்திரி பக்கம் நர்ஸ் பிள்ளைங்க போர்டிங்ல இருக்காங்க, மிஸ். அவங்ககிட்ட கிரைண்டர் ஏது? கடைக்குக் குடுக்காம நேரா அங்கேயே போய்க் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"போய்க் கேளுங்க" என்றேன். "வந்து எங்கிட்ட சொல்லுங்க." பிறகு, "சொல்லணும்னு தோணுனா" என்று சேர்த்துக்கொண்டேன்.