களிமண்ணில் பதிந்த விரல்

சான் எலியாஸ், யுகாத்தான்
அக்டோபர் 19

அன்பு மகன் செவேரோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயாவது அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். ஒரு மாதமாக நீ எங்கள் போனை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு ஹசிந்தோவின் மருமகன் நீ இருக்கும் சிகாகோவுக்கு வருகிறான், அதனால் அவனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் அக்கா நியேவெஸின் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, பார்ப்பவரையெல்லாம் கடிக்கிறது. வெள்ளம் வடிந்தும் வீட்டுச் சுவரில் ஈரம் காயவில்லை, சோளம் பாதி முளைத்துக் கெட்டது. இதெல்லாம் சரியாகிவிடும், நான் எழுத வந்தது வேறு.

தேனீ தண்ணீரில் பிழைக்குமா என்று நியேவெஸிடம் கேட்டாயாம். ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். புயலுக்குப் பிறகு நீ போன் செய்தபோது அப்பா, "நாம ரெண்டு பேரும் சீமாட்டிங்க முன்னாடி கத்திச் சண்டை போட்டோமில்ல, அதான் எல்லாம் செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டார். நீ வடக்கே கிளம்பிய அன்று தேன்கொட்டகைக்குள் நின்று, போனால் திரும்பி வராதே என்று அவரும், வர மாட்டேன் என்று நீயும் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. சண்டை நடக்கும் வீட்டில் நம் தேனீச் சீமாட்டிகள் தங்க மாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நீ, அதை அப்படியே நெஞ்சில் போட்டுக்கொண்டாய்.

பிழைக்காது மகனே. அதற்கு உடம்பின் இரண்டு பக்கமும் இருக்கும் பொடித் துளைகளில்தான் மூச்சு. தண்ணீரில் விழுந்ததைச் சீக்கிரம் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் வைத்தால் சில எழுந்துகொள்ளும், நேரமானால் இல்லை. ஆனால் நம்முடையவை தண்ணீரில் சாகவில்லை, சண்டையிலும் சாகவில்லை. நான்தான் கொன்றேன்.

வெள்ளம் வந்த அன்று அப்பா சோளத்தைக் காப்பாற்ற வயலுக்குப் போயிருந்தார். முற்றத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் கொட்டகைக்குள் ஓடினேன். மரத்தைக் குடைந்து செய்த தேன்குடங்களின் இரண்டு முனையையும் களிமண்ணால்தானே பூசுகிறோம், நடுவில் காவல்காரத் தேனீ நிற்கும் அந்த ஒற்றை வாசலையும் பூசிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்று நினைத்தேன். என் பிளந்த நகத்துக்குள் மண் ஏறி ஏறி வலித்தது, விடவில்லை. பதின்மூன்றை அடைத்தேன். பதினான்காவதுக்கு மண் இல்லை. அதற்குள் ஹசிந்தோ படகோடு வந்து, "லியோகாதியாக்கா, உசுரோட இருந்தா மண்ணு அப்புறம் பெசையலாம், ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

நான்காம் நாள் அப்பாவும் நானும் திரும்பி வந்தோம். தண்ணீர் கீழ் வரிசைக் குடங்களோடு நின்றிருக்கிறது. மேலே இருந்த எட்டையும் நான் தொடாமல் விட்டிருந்தால் இன்றைக்குப் பறந்துகொண்டிருக்கும். அடைத்த பதின்மூன்றிலும் காற்றில்லாமல் வெந்து செத்திருந்தன. நான் பூசாமல் விட்ட அந்த ஒன்று மிதந்துபோய்ப் புளிப்பு ஆரஞ்சு மரத்தின் கிளையில் சிக்கி, வாசல் மேலே பார்த்தபடி உயிரோடு இருந்தது. நீ ஊரைவிட்டுப் போவதற்கு முன் பழைய குடத்துத் தேனீக்களைப் பிரித்துக் குடிவைத்த குடம் அது.

எனக்கு முன்னால் அப்பாதான் கொட்டகைக்குள் போனார். நான் போய்ப் பார்த்தபோது வாசல்களில் மண் இல்லை, எல்லாம் சுரண்டிக் கழுவியிருந்தது. மழை கரைத்துவிட்டது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஒரு சீமாட்டி செத்தாலே இலையில் சுற்றிப் புதைப்பவர், மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் இலையில் பொதிந்து புதைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் சண்டையால் வந்த வினை என்றே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், அந்தப் பாவம் வேறு.

நீ போன் எடுப்பதை நிறுத்தியதும் என்னால் தாங்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்டி. முப்பத்தொரு வருஷமா சோள ரொட்டியில அந்த நகத்துத் தடத்தப் பாத்துத் தின்னுட்டு வரேன், மண்ணுல பாத்தா தெரியாதா?" என்றார். ஊர் என்னை ஏசக்கூடாது என்று அத்தனை வாசலையும் சுரண்டிவிட்டுப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். அதில் பாதி உன் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை அந்த மனிதர். அதை நான் சொன்னபோது சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் எனக்கு அந்தத் தடத்தைப் பார்க்கவே கூசியது. விரலை ஒதுக்கி உள்ளங்கையால் மட்டும் ரொட்டி தட்டி வைத்தேன். அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி, "இது யார் வீட்டு ரொட்டி?" என்று கேட்டார். திரும்பவும் மாவு பிசைந்தேன்.

நீ எந்தப் பாவமும் செய்யவில்லை. உன் குடத்தை அவர் தொட மாட்டேன் என்கிறார், அவன் வந்து திறக்கட்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், வேறு வேலை இருப்பதுபோல் கயிறு திரித்துக்கொண்டு. நீயே முதலில் பேசு. காலுறை போட்டுக்கொள். கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உன் அம்மா
லியோகாதியா