பாட்டு முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீர்

கட்டுக்கலை, கண்டி.
ஞாயிறு பின்னேரம் தொடங்கி செவ்வாய் காலையில் முடித்தது.

என் அன்பு மகள் கலாராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அண்ணன் ரமேஸும் அவன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே மெல்பேர்னில் நீயும் மருமகன் சுதேஷும் என் தங்கக்கட்டி சஞ்சீவனியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகச் சுகமாக இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை உன் பேரிலும் பிள்ளை பேரிலும் அர்ச்சனை வைத்தேன். கடிதத்தைக் கண்டதும் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, போன் உன் அண்ணியுடையது, நான் பேசத் தொடங்கினால் அவள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கொப்பி வாங்கி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்துதான், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே பத்து நாளாக மழை, ஹந்தானை மலை கண்ணுக்கே தெரியவில்லை, ஒரே பால் மாதிரி மூட்டம், துணி காயவில்லை. எனக்கு முழங்கால் வலிதான், புதிதாக ஒன்றுமில்லை. ரமேஸுக்கு மாநகரசபையில் வேறு பகுதிக்கு மாற்றம் கொடுத்திருக்கிறார்கள், வெயிலில் அலைய வேண்டியதில்லை என்று சந்தோஷப்படுகிறான்.

நீ என்னோடு பேசி மூன்று கிழமை ஆகிறது. நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குச் சனிக்கிழமை, நீ பச்சைச் சட்டை போட்டிருந்தாய், பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே பாட்டுக்காரன் முத்துலிங்கத்தின் பாட்டைப் பாடினாய், நான் ஒன்றும் சொல்லாமல் போனை நிறுத்திவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்று அண்ணி உனக்குச் சொன்னாள், அந்தப் பொய் அவளாகச் சொன்னது, நான் சொல்லச் சொல்லவில்லை. நீயும் நம்பவில்லை, ஏனென்றால் உனக்குப் பழசு ஞாபகம் வந்திருக்கும். உன் கல்யாணத்தில் நீ ஆசையாகக் கேட்டு, மேடையில் இருந்தவர்கள் அதே பாட்டைப் பாடியபோதும் நான் முன்வரிசைக் கதிரையிலிருந்து எழுந்து வெளியே போனேன். மணவறையிலிருந்து நீ என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். உன் மாமியார் மயில்கழுத்துப் பட்டோடு திரும்பி, சம்பந்தி அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் நீயும் அப்படியே நினைத்துக்கொண்டாய் என்பதுதான் பதினொரு வருஷமாக என்னைத் தின்கிறது. சுதேஷ் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இந்த டிசம்பருக்குப் பிள்ளையைக் கொண்டுவருவதா வேண்டாமா என்று நீ யோசிப்பதாக ரமேஸ் சொன்னான். நீ வராவிட்டாலும் காரணத்தைத் தெரிந்துகொண்டு வராமல் இரு. கலா, அது கல்யாணப் பாட்டும் இல்லை, தாலாட்டும் இல்லை. அது ஒப்பாரி. நான் பாடிய ஒப்பாரி.

உனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்து போனாள் என்று மட்டும் உனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது, அவள் பேரை வீட்டில் யாரையும் நான் சொல்லவிட்டதில்லை, உன் அப்பாவைக்கூட. நாலு வயசு. காலையில் நான் ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன், அங்கே ஆயா கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போடுவதற்குள் அவள் நழுவி வெளியே வந்துவிடுவாள். தேயிலைச் செடி அவளைவிட உயரம், ஆள் தெரியாது, செடி அசைகிறதை வைத்துத்தான் வருகிறாள் என்று கண்டுபிடிப்பேன். வந்து நான் இடுப்பில் கட்டியிருக்கிற படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிரை முழுக்கக் கூடவே நடப்பாள், மூட்டத்துக்குள் எங்கே என்று நான் கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பாள். எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழியில் மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் விடியவில்லை. லயத்துக் காம்பராவில் கிடத்தியிருந்தபோது வாயில் என்ன வந்ததோ அதைப் பாடினேன், யோசித்தா பாடுவார்கள்.

மலையிறங்கும் மஞ்சுக்குள்ள
மறஞ்சதென்ன பொன்னுமணி
நெறஞ்ச கூட தலையிலிருக்கு
நெழலப் போல வந்தவ எங்க
திரும்பி வாடி

என்று பாடி அந்த இடத்தில் அவள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். வாசல் கல்லில் முத்துலிங்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கலஹாவிலிருந்து எங்கள் பெக்டரி வேலைக்கு வந்து மாமன் வீட்டில் தங்கியிருந்தவன், இருபத்திரண்டு வயசு, தலையைத் தூக்கவேயில்லை. சாவு வீட்டில் பாடியதைச் சாவு வீட்டிலேயே விட்டுவிட்டுத் தலைமுழுகி வரவேண்டும், நல்ல வீட்டில் அது வாயில் வந்தாலே பெரியவர்கள் பதறிப்போவார்கள், இது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரியும். இரண்டு வருஷம் கழித்துப் பொங்கலுக்கு மைதானத்தில் மேடை போட்டார்கள், அவன் ஆர்மோனியத்தோடு ஏறினான், தொட்டில் ஆடுகிற மாதிரி ஒரு மெட்டில் என் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடினான். ஆம்பிளை ஒருத்தன் ஆசைப்பட்டவளைத் தேடுகிறான் என்று நினைத்து விசிலடித்தார்கள். என் பிள்ளை செத்ததற்கு விசில். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்து வந்தேன், அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அடுத்த கிழமையே வாசலில் வந்து நின்றான், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன், முதுகைத்தான் பார்த்துவிட்டுப் போனான். நீ பிறந்தபோது இன்னொரு தரம் வந்தான், ஒரு சிவப்புக் கிலுகிலுப்பையை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனான், நான் தொடவில்லை, உன் அப்பா எடுத்து உன் கையில் கொடுத்தார். கைப்பிடி உடையும்வரை நீ அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினாய்.

முத்துலிங்கம் கண்ணை மூடி ஒரு வருஷமானதற்கு இந்த ஞாயிறு காலை டவுனில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நானும் வருகிறேன் என்றதும் ரமேஸ் ஆச்சரியப்பட்டான். நான் போனது அழுவதற்கு இல்லை, எல்லோருக்கும் முன்னால் எழுந்து இவன் திருடன் என்று சொல்லத்தான், வசனம்கூட மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மண்டபம் நிறைந்து வாசல்வரை ஆட்கள், கலஹாவிலிருந்து வந்தவர்கள் ஈரக் குடைகளைச் சுவரோடு சாத்திவைத்திருந்தார்கள், ஒரு பக்கத்தில் பழைய கெசட்டிலிருந்து அவன் குரல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்து வந்து போனது. என் பக்கத்துக் கதிரையில் யார் என்று பார்த்தால் கஜலட்சுமி, சுனாமி வந்த வருஷம் எனக்குப் புழுத்த கருவாட்டைக் கட்டிக்கொடுத்த கடைக்காரி, நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். ஒவ்வொருத்தராக எழுந்து தங்கள் ஞாபகத்தைச் சொன்னார்கள். தபால் கந்தோரில் இருந்து பென்ஷன் எடுத்த இராமநாதன் சொன்னார், ஒரு தரம் கலஹாவில் பாட்டு நடுவில் கரண்ட் நின்றுபோனதாம், அவன் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு வெறும் தொண்டையில் பாடினானாம், பேராதனைக்குப் புறப்பட்ட பஸ்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் கேட்டாராம், பஸ்ஸில் இருந்த ஒருத்தராவது நேரமாகிறது என்று சொல்லவில்லையாம். அவர் சொல்லச் சொல்ல நானும் அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, கண்ணாடியில் பனி பிடித்திருக்கிறது, வெளியே யாரோ தூரத்தில் என் குரலில் பாடுகிறார்கள். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. கஜலட்சுமி எழுந்து, மூன்று பிள்ளைகளையும் அந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்கவைத்தேன், மூன்றும் கல்லுக்கல்லாக நிற்கிறது என்றாள். பிள்ளைகளுக்கு ஒப்பாரியா என்று பயந்தேன், ஆனால் கோபம் வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

அப்புறம் அர்கம் எழுந்தார், முப்பது வருஷம் அவனுக்கு மைக்செட் போட்டவர், இப்போது மார்க்கெட் பக்கம் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருக்கிறார். அந்தப் பாட்டு முடிந்தால் அவன் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வானே, அதைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது தெரியாது கலா, ஒரு கச்சேரிக்குத்தான் நான் போனேன், அதிலும் முடியும்வரை நிற்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவனுடைய ஸ்டைல் என்றே நினைத்திருக்கிறார்கள், இளந்தாரிகள் அந்த நேரத்துக்கென்று தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்த் தாங்களும் ஊற்றிக்கொண்டு ஆடுவார்களாம். அர்கம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வயர்ல தண்ணி பட்டா நம்ம ரெண்டு பேரும் மௌத்து அண்ணன் எண்டு எத்தன தரம் சொல்லீக்கிறேன், கேக்கல்ல. நுவரெலியாக் குளிர்லயும் ஊத்தினார். ஏன் இப்பிடிச் செய்றீங்க எண்டு ஒரு நாள் புடிச்சுக் கேட்டேன். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்க வேணாமா அர்கம் எண்டார். யார்ட வீடு எண்டு கேட்டேன், அத மட்டும் சொல்லல்ல." முப்பது வருஷம் ஒவ்வொரு மேடையிலும் அவன் என் காம்பரா வாசலுக்கு வந்து உட்கார்ந்து எழுந்து தலைமுழுகிவிட்டுப் போயிருக்கிறான், நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உன் அப்பாவையும் அப்போதுதான் நினைத்தேன். அவர் இருந்த காலத்தில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கச்சேரி விடாமல் போவார், எனக்கு அவர் மேலும் கோபம், திரும்பி வந்தால் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவேன். அந்தப் பாட்டு வந்தால் அப்பா கண்ணைத் துடைக்கிறார், கேட்டால் தூசி என்கிறார் என்று நீ வந்து சொல்வாய். அவர் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார் கலா. என் வீட்டில் சொல்லக்கூடாத பேர், வேறு எங்கே போய்ப் பார்ப்பார்.

கடைசியில் திவாகரன் என்கிற வாத்தியார், பாட்டுகளையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறவர், எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். திரும்பி வாடி என்றதற்கு அப்புறம் எல்லாக் கெசட்டிலும் ம்ம் என்றுதான் வருகிறது, அங்கே ஏதாவது வார்த்தை இருந்ததா, தெரிந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாலாட்டு வரிசையில் அப்படியே போட்டுவிடுகிறேன் என்றார். நீயும் அந்த இடத்தில் ம்ம் என்றுதானே இழுக்கிறாய், சஞ்சீவனி அதற்குத்தான் கண்ணை மூடுகிறாள். நான் எழுந்துவிட்டேன். தயார் பண்ணிக்கொண்டுவந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "அது தாலாட்டு இல்ல தம்பி. ஒப்பாரி. நான் பாடுனது. அந்த எடத்துல என் புள்ள பேரு இருக்கு" என்றேன். அம்மா, என்ன பேர் என்று அவர் மெதுவாகக் கேட்டார். அதை என் மகளுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வரும்போது கஜலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூட்டிவந்தாள், கையை இழுக்காமல் விட்டேன். கருவாட்டை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

முத்துலிங்கத்தையும் முழுக்க மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, எடுத்தது எடுத்ததுதான். ஆனால் பேரை அவன் எடுக்கவில்லை. அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் அதை வாயை மூடிக் காப்பாற்றியிருக்கிறான். அதனால் பாட்டை ஒப்பாரி வரிசையில் போடுங்கள், ம்ம் மட்டும் ம்ம் ஆகவே இருக்கட்டும் என்று திவாகரனுக்குச் சொல்லப்போகிறேன். நீ வேறு மாதிரி நினைத்தால் எழுது. அங்கே இருந்த பேர் சீதா. நாற்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். வாசித்ததும் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப்பார், உன் அக்கா.

சஞ்சீவனிக்கு அதைப் பாடாதே கண்ணே. கஜலட்சுமி பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இருந்தாலும் பத்து வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளை, எனக்குப் பயம் போகவில்லை, போகாது. வேறு நல்ல பாட்டு உனக்குத் தெரியாதா. டிசம்பருக்கு வருவதென்றால் அவளுக்குத் தடித்த கம்பளிச் சட்டை கொண்டுவா, ஹந்தானைக்கு ஏறவேண்டும், அந்த நிரை எது என்று எனக்கு இன்னும் தெரியும், உன்னைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒற்றுமையாக இருக்கவேண்டும், பிள்ளை தலையில் என் கையை வைத்த மாதிரி உன் கையை வை.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எனக்கு அந்த நாள் வரும்போது நீ தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இருக்கிற இடத்தில் அந்தப் பாட்டைப் பாடு, உன் குரல் என் குரல்தான். ம்ம் வருகிற இடத்தில் என் பேரைப் போடு. பாடி முடித்ததும் மறக்காமல் தலைமுழுகு, உங்கள் ஊர் குளிர், வெந்நீர் வைத்துக்கொள்.

இப்படிக்கு
உன்னையும் சீதாவையும் பெற்ற அம்மா
ராக்கம்மா